தோட்டத்துப் பிள்ளைக்கு வரைபட மாநாட்டில் என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கடிதங்களுள் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானிலிருந்து வந்தவை மட்டும் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவ்வட்டாரச் செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளம்பெண் ஒருவர், எவரும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய திறந்த வரைபடத்துக்கும் பேரிடர்க்கால வரைபடப் பணிக்கும் உழைக்கும் ஆசியத் தன்னார்வலர்கள் கூடும் மாநாட்டுக்குப் பயண உதவியோடு தேர்வாகியிருக்கிறார். அவர் கடிதத்தோடு, செய்தியைக் கேள்விப்பட்ட அவ்வூர் வாசகர் சிலரின் கேள்விகளும் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் ஒரு கிளினிக்கில் பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்தபின் பழைய மடிக்கணினியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைத் திறந்து, எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள், கோவில், தமிழ்ப்பள்ளி, செம்மண் பாதைகள் ஆகியவற்றைச் சேர்த்து வருகிறேன். மாநாட்டுக்கு விண்ணப்பித்தேன், இடமும் கிடைத்துவிட்டது. ஆனால், அங்கு வருபவர்கள் எல்லாரும் பொறியாளர்களும் பேராசிரியர்களுமாக இருப்பார்கள் என்று கேட்டதிலிருந்து தயக்கமாக இருக்கிறது. ஆங்கிலமும் எனக்குச் சரளமாக வராது. "படத்தில் வீடு போடுவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா?" என்று அம்மா கேட்கிறார். நான் போவதால் யாருக்கு என்ன பயன்?
— வாசகி, தெலுக் இந்தான்

பதில்: தயங்காமல் போய் வாருங்கள். அந்த அரங்கில் மென்பொருள் எழுதுவோரும் செயற்கைக்கோள் படங்களை ஆராய்வோரும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது உண்மைதான். தான் வாழும் ஊரைத் தானே வரைந்து, அதைப் பற்றி எழுந்து பேசக்கூடியவர்கள் அந்த அளவுக்கு இருப்பதில்லை. நீங்கள் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். உங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதை அறிந்தே தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

முதலில், யார் வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004ஆம் ஆண்டு பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. அந்நாட்டு அரசின் நில அளவைத் தரவுகளைப் பயன்படுத்தப் பெரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலத்தில், பொதுமக்கள் தாங்களே தெருத்தெருவாக நடந்தும் சைக்கிள் ஓட்டியும் ஜிபிஎஸ் கருவியின் தடங்களைக் கொண்டு வரைந்த படம் அது. இதற்கென நடக்கும் 'ஸ்டேட் ஆஃப் தி மேப்' என்னும் உலக மாநாடு 2007இல் மான்செஸ்டரில் முதன்முதலாகக் கூடியது. ஆசிய மாநாடு 2015இல் ஜகார்த்தாவில் தொடங்கி, பின்னர் மணிலா, காட்மாண்டு, பெங்களூரு, டாக்கா என்று ஊர் ஊராகச் சென்றது. இக்கூட்டங்களுக்குப் பேராசிரியர்கள் வருவதைப் போலவே செஞ்சிலுவைச் சங்க ஊழியர்களும், கல்லூரி மாணவர்களும், நகராட்சி அலுவலர்களும், கிராப் போன்ற போக்குவரத்து நிறுவனங்களின் வரைபடப் பிரிவினரும், ஓய்வு நேரத்தில் தம் ஊர்ச் சந்துகளை வரைவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களும் வருகிறார்கள்.

பயன் என்ன என்ற கேள்விக்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2010 ஜனவரி 12ஆம் நாள் ஹைத்தியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அந்நாட்டுத் தலைநகரின் திறந்த வரைபடத்தில் முதன்மைச் சாலைகள் சிலவற்றுக்கு மேல் அதிகம் இல்லை. உலகெங்கும் இருந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள், அப்போது இலவசமாகத் திறந்துவிடப்பட்ட செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாள்களிலேயே தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் கூடாரங்கள் போடப்பட்ட இடங்களையும் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. பேரிடர்ப் பணிக்கென்றே இயங்கும் 'ஹாட்' என்ற தன்னார்வ அமைப்பு அவ்வாண்டிலேயே முறையாகப் பதிவு பெற்றது. ஆயினும், வானத்திலிருந்து பார்த்து வரைபவருக்குச் சாலை தெரியுமே தவிர, அந்தச் சாலையின் பெயர் தெரியாது. கட்டடம் தெரியும், அது பள்ளிக்கூடமா கிடங்கா என்பது தெரியாது.

நேப்பாளத்தில் 2015 ஏப்ரல் 25ஆம் நாள் நிலம் நடுங்கியபோது நிலைமை வேறாக இருந்தது. 'காட்மாண்டு லிவிங் லேப்ஸ்' என்ற உள்ளூர்க் குழுவினர் அதற்கு முன்பே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் உதவ முன்வந்தபோது, எதை முதலில் வரைவது என்று சொல்வதற்கு ஊர் தெரிந்தவர்கள் காட்மாண்டுவிலேயே இருந்தார்கள். ஜகார்த்தாவில் நடந்தது நம் வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு வெள்ளம் ஆண்டுதோறும் வரும். 2012இல் அந்நகரப் பேரிடர் நிர்வாக வாரியமும் ஹாட் அமைப்பும் சேர்ந்து, 267 கெலுராஹான்களின் (நகர வட்டாரங்களின்) பிரதிநிதிகளைப் பயிலரங்குகளுக்கு அழைத்தன. அவர்கள் தங்கள் வட்டார எல்லையையும் பள்ளி, பள்ளிவாசல், கிளினிக் ஆகியவற்றையும் விரல் வைத்துக் காட்ட, பக்கத்தில் அமர்ந்திருந்த பல்கலைக்கழக மாணவர்கள் கணினியில் பதிந்தார்கள். வரைபடம் வெள்ளத்துக்கு முன்பே, ஊர்க்காரர் வாயிலிருந்து உருவாக வேண்டும் என்பதுதான் இந்தத் துறை கடந்த பல ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பெரிய பாடம் என்று நான் கருதுகிறேன். நீங்கள் மாலை நேரத்தில் செய்துகொண்டிருப்பது அந்த வேலையே.

ஆகவே, உங்கள் தோட்டத்தையே மாநாட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். ஆனால் முழுத் தோட்டத்தையும் காட்ட முயலாதீர்கள்; ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்துக் கிட்டத்தில் காட்டுங்கள். உங்கள் பகுதி தாழ்ந்த நிலம். வரப்பும் வாய்க்காலும் மதகுமாக இருப்பது. முதிர்ந்த செம்பனையின் ஓலைகள் இருபுறமும் கவிந்து பாதையை மூடிவிடுவதால், மேலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பாதை அறுந்து அறுந்துதான் தெரியும். அதற்குக் கீழே வாய்க்காலின் மேல் போட்டிருக்கும் சிறு பாலத்தின் அகலம் என்ன, பழக்குலை ஏற்றிய டிராக்டர் போகிற அதே பாலத்தில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியுமா, மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் முதலில் முழுகும் திருப்பம் எது என்பவை தினமும் அவ்வழியே போகும் டிராக்டர் ஓட்டுநருக்கே தெரியும். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதற்கு முன்பு உங்கள் வரைபடம் எப்படி இருந்தது, சொன்னபின் எப்படி ஆயிற்று என்று இரண்டு படங்களை அருகருகே வைத்து ஐந்து நிமிடம் பேசினால் போதும். இம்மாநாடுகளில் 'லைட்னிங் டாக்' என்ற பெயரில் அப்படிப்பட்ட குறும்பேச்சுகளுக்கென்றே நேரம் ஒதுக்குவார்கள். பலவற்றில் அன்று காலையில்கூடப் பெயர் கொடுக்கலாம்.

அங்கு எந்த அமர்வில் உட்காருவது என்று குழம்ப வேண்டாம். 'ஸ்டேட் ஆஃப் தி மேப்' உரைகள் பெரும்பாலும் பதிவு செய்யப்பட்டு இணையத்தில் ஏற்றப்படுகின்றன. அவற்றை வீடு திரும்பிய பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். நேரில் மட்டுமே கிடைப்பவை பயிலரங்குகளும், கூடி உட்கார்ந்து வரையும் மேப்பத்தான் அமர்வுகளும், தேநீர் வேளைகளும்தான். அனுபவமுள்ள ஒருவரிடம் உங்கள் பழைய பதிவுகளைத் திறந்து காட்டி, "இதில் என்ன பிழை?" என்று கேளுங்கள். செயற்கைக்கோள் படம் சில இடங்களில் உண்மை இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் வரைந்தால் ஒரு லயமே வாய்க்காலுக்குள் போய் நிற்கும். ஜிபிஎஸ் தடத்தை வைத்து அதை நேராக்குவது எப்படி என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, தெரிந்தவர் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் எளிதில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தைப் பற்றிய கவலை வேண்டாம். ஆசிய மாநாட்டுக்கு வருபவர்களில் மிகப் பலருக்கு அது இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி. மெதுவாகப் பேசுவதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. மேலும், இந்தோனேசியாவில் இத்துறையில் உழைப்பவர்கள் மிகுதி. உங்கள் மலாய் அவர்களுடன் பேசுவதற்குத் தாராளமாகப் போதும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ யாரேனும் வந்திருந்தால் தமிழும் கைகொடுக்கும்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். லயத்து வீட்டில் யாருக்கேனும் நெஞ்சுவலி வந்து 999ஐ அழைத்தால், "மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்து, எத்தனையாவது கேட்?" என்று விளக்குவதற்குள் எவ்வளவு நேரம் போகிறது என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். வீடும் வழியும் படத்தில் இருந்தால், வழி சொல்லுகிறவர் பதற்றத்தில் தடுமாறினாலும் வண்டி வந்து சேர இன்னொரு வாய்ப்பு உண்டு. அதை மேலும் சிறப்பாகச் செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் கூகள் மேப் இருக்கும்போது இன்னொரு வரைபடம் எதற்கு?
— மளிகைக் கடைக்காரர், லங்காப் சாலை

பதில்: ஈப்போவுக்கு வழி பார்ப்பதற்கு நீங்கள் அதையே பயன்படுத்தலாம், அதில் தவறு ஒன்றும் இல்லை. வேறுபாடு, படத்துக்கு அடியில் இருக்கும் தரவு யாருடையது என்பதில் இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எவரும் முழுமையாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், தம் தேவைக்கேற்ப வேறு படமாக மாற்றலாம். பங்களித்தோரின் பெயரால் நன்றி குறிப்பிட வேண்டும், திருத்திய தரவை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும் என்பவையே 2012 முதல் நடப்பிலுள்ள உரிமத்தின் முக்கிய நிபந்தனைகள். ஒரு நிறுவனத்தின் வரைபடத்தில் எந்தக் கடை தெரிய வேண்டும், எந்தத் தோட்டப் பாதை தெரிய வேண்டாம் என்பதை அந்த நிறுவனம் முடிவு செய்கிறது. இங்கு உங்கள் கடையை நீங்களே போடலாம். கடை இடம் மாறினால் நீங்களே மாற்றலாம். வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தாலும், முன்பே இறக்கி வைத்திருந்தால் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகளில் இணையம் இல்லாமலே இந்தப் படம் முழுதாகத் திறக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூகள் மேப்பைப் பார்த்து இதில் எதையும் நகலெடுக்கக்கூடாது. அது உரிமை மீறல். கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பதிவுகள் நீக்கப்படும். கண்ணால் கண்டதையும், அனுமதி பெற்ற படங்களிலிருந்து வரைந்ததையும் மட்டுமே சேர்க்கலாம்.

கேள்வி: நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். தொழிலாளர் குடியிருப்பு, உர ஸ்டோர், கேட் எல்லாவற்றையும் உலகமே பார்க்கும் படத்தில் போடுவது பாதுகாப்பானதா? நிர்வாகம் கேட்டால் அந்தப் பெண் என்ன பதில் சொல்வார்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஊத்தான் மெலிந்தாங்

பதில்: இக்கேள்வியை அந்தப் பெண்ணிடமும் நேரில் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன், மாநாட்டில் அவர் எழுப்ப வேண்டிய கேள்விகளில் இதுவே தலையாயது. பேரிடர் வரைபடத் துறையில் இருப்பவர்கள் இதைப் பற்றி நீண்ட காலமாக விவாதித்து வருகிறார்கள். உலகுக்கெல்லாம் பொருந்தும் ஒரே விடை இன்னும் கிடைத்துவிடவில்லை.

வரைபடத்தின் சொந்த விதியிலிருந்து தொடங்குவோம். தனிமனிதர் பற்றிய விவரங்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடமில்லை. வீடு இருக்கிறது என்று வரையலாம். அதில் யார் குடியிருக்கிறார், அவர் எந்த நாட்டவர், அவரிடம் பெர்மிட் இருக்கிறதா என்பவை அதில் ஏறவே கூடாது. நம் தோட்டங்களில் இன்று வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் தங்கும் கொங்சியை 'குடியிருப்புக் கட்டடம்' என்று வரைவதோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை. வெள்ளம் வந்தால் அவர்களையும் வெளியேற்ற வேண்டும் என்பதால் அந்தக் கட்டடம் படத்தில் இல்லாமலும் போகக்கூடாது. அதுபோலவே, படுக்கையில் கிடக்கும் முதியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் ஆகியோரின் பட்டியல் மீட்புக் குழுவுக்கு மிகவும் தேவையானது. ஆனால் அது குடியிருப்புத் தலைவரிடம் காகிதத்தில் இருக்க வேண்டியது; பொதுப் படத்தில் இருக்க வேண்டியதன்று.

உரமும் பூச்சிமருந்தும் வைத்திருக்கும் ஸ்டோரைப் பற்றி என் கருத்து: கட்டடத்தை மட்டும் வரையுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு அந்த விவரம் கட்டாயம் தெரிய வேண்டும். அதை நிர்வாகமே நேரில் கொடுப்பது பொருத்தம். கேட்டையும் தனியார் சாலையையும் போடுவதில் தோட்டத்துக்கு நன்மைதான் உண்டு. ஒரு சாலையைத் 'தனியார் அனுமதி தேவை' என்று குறிக்கும் வசதி இப்படத்தில் இருக்கிறது. அப்படிக் குறித்துவிட்டால், வழிகாட்டும் செயலிகள் வெளியூர் வண்டிகளை உங்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் திருப்பிவிடுவதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுவது எல்லாருக்கும் நல்லது. வரைவதற்கென்று ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுள்ள வான்படத்தைப் பார்த்து வரைவதற்குத் தோட்டத்தில் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றாலும், தோட்டத்துக்குள் நடந்து பதிவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அது தனி விவகாரம். சிவில் வான்போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் அதற்கு உண்டு, அவற்றை அறியாமல் தொடக்கூடாது. இன்னொன்றையும் அந்தப் பெண் நினைவில் வைத்திருப்பது நல்லது: ஒருமுறை பதிந்ததை நீக்கினாலும், யார், எந்த நேரத்தில் பதிந்தார் என்ற வரலாறு அங்கே பொதுவில் நிற்கும். எனவே, சந்தேகம் உள்ளதைப் பதியாமல் தள்ளி வைப்பதே முறை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்). நாங்கள் வாழ்ந்த தோட்டம் கைமாறி, லயமெல்லாம் இடிக்கப்பட்டு, இப்போது முழுக்கச் செம்பனை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, படம் காட்டிய திடல் எல்லாம் எங்கெங்கே இருந்தன என்று இன்றும் நடந்து காட்டுவேன். அந்தப் பிள்ளை அதைப் படத்தில் போட முடியுமா?
— வாசகர், தெலுக் இந்தான்

பதில்: ஐயா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முடியாது, இன்று தரையில் இருப்பதை மட்டுமே அது ஏற்கும். போய்விட்ட லயத்தை அதில் வரைந்தால் அடுத்தவர் வந்து நீக்கிவிடுவார். அவர் செய்வதும் விதிப்படி சரியே. ஆனால், இதே முறையில் இயங்கும் ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்னும் வேறொரு வரைபடம் மறைந்துபோன இடங்களுக்கென்றே இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பாதைக்கும் தொடக்க ஆண்டும் முடிந்த ஆண்டும் கொடுக்கலாம். ஆண்டுக் கோட்டை நகர்த்தினால், அந்தக் காலத்தில் இருந்தது மட்டும் படத்தில் தோன்றும்.

1950களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், அதை எதிர்கொள்ள 1960இல் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் நம் சமூகம் நன்கறிந்த வரலாறு. அந்தக் காலத்துக்குப் பிறகும் எத்தனையோ தோட்டங்கள் பெயர் மாறின, ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. எந்த லயம் எங்கிருந்தது என்பது அரசாங்க ஏடுகளில் விரிவாகக் கிடைக்காது. உங்களைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. கால தாமதம் செய்யாமல், அந்தப் பெண்ணையும் கைப்பேசியையும் கூட்டிக்கொண்டு நடந்து காட்டுங்கள். நீங்கள் நிற்கிற இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை அவர் பதிந்துகொள்ளட்டும். நீங்கள் சொல்வதைக் குரலாகவும் பதிவு செய்யட்டும். உங்களோடு வேலை செய்த இன்னொருவரையும் தனியே அழைத்துச் சென்று அதே இடங்களைக் காட்டச் சொன்னால், இருவர் சொல்வதும் ஒத்துப்போகிற இடங்களை உறுதியாகப் பதியலாம். செம்பனைக்கு நடுவே கோவில் மட்டும் இன்னும் நின்று விளக்கேற்றப்படுகிறது என்றால், அதை இன்றைய வரைபடத்திலேயே வழிபாட்டிடமாகப் போடலாம், போட வேண்டும்.

கேள்வி: மாநாட்டிலிருந்து அவர் திரும்பியதும் எங்கள் முன்னாள் மாணவர்களைக் கொண்டு ஒரு மேப்பத்தான் நடத்த எண்ணுகிறோம். எப்படித் தொடங்குவது? செய்து முடித்ததை யாரிடம் கொடுப்பது?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் இந்தான்

பதில்: நல்ல முயற்சி, டீச்சர். ஆனால் மாநாடு முடியும் வரை காத்திருக்காமல், அவர் போவதற்கு முன்பே ஒரு சிறிய சுற்றை நடத்திவிடுங்கள். அதில் எழும் சிக்கல்களோடு அவர் போனால் விடைகளோடு திரும்புவார்.

பேரிடர் வரைபடப் பணி பெரும்பாலும் மூன்று கட்டமாக நடக்கிறது. 2014இல் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும், அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும், ஹாட் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டத்தில் அது தெளிவாகத் தெரியும். தொலைவிலுள்ள தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்திலிருந்து சாலையையும் கட்டடத்தையும் வரைவார்கள். பிறகு உள்ளூர்க்காரர்கள் நடந்து பெயர்களைச் சேர்ப்பார்கள். அதன்பின் உதவி அமைப்புகள் படத்தைப் பயன்படுத்தும். பெரிய நிலப்பரப்பானால் ஹாட் அமைப்பின் டாஸ்கிங் மேனேஜர் கருவி அதைச் சதுரங்களாகப் பிரித்துக் கொடுக்கும். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்தால் மற்றவருக்கு அது பூட்டப்படும். முடித்ததை அனுபவமுள்ள வேறொருவர் சரிபார்ப்பார். உங்கள் நகரத்துக்கும் நான்கைந்து தோட்டங்களுக்கும் அவ்வளவு தேவையில்லை. முதலிரண்டு கட்டங்களையும் நீங்களே செய்துவிடலாம். சரிபார்க்கும் வேலையை மட்டும் எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

மேப்பத்தான்களில் ஒரு குறையை நான் தொடர்ந்து பார்க்கிறேன். "இன்று இத்தனை ஆயிரம் கட்டடம் வரைந்தோம்" என்று எண்ணிக்கையைக் காட்டிப் பரிசு கொடுக்கிறார்கள். பிள்ளைகளும் வேகத்துக்காகக் கோணல் மாணலாகப் பெட்டி போடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் இருக்கும் லயம் பத்துத் துண்டாக வெட்டுப்படுகிறது, அல்லது நிழலும் சேர்ந்து வீடாகிவிடுகிறது. பின்னர் அதைத் திருத்துவது புதிதாக வரைவதைவிடக் கடினம். பரிசு கொடுக்கத்தான் வேண்டுமென்றால், சரிபார்ப்பில் பிழை குறைவாக வந்தவருக்குக் கொடுங்கள்.

வெள்ளத்தை மனத்தில் வைத்து, எல்லாவற்றையும் வரைய முயலாமல் குறுகிய பட்டியலோடு தொடங்குங்கள். தற்காலிக நிவாரண மையமாகத் திறக்கப்படும் பள்ளிகளும் பாலாய் ராயாக்களும் (ஊர்ப் பொது மண்டபங்களும்), அவற்றின் உண்மையான நுழைவாயில், பாலங்கள், மதகுகள், பம்ப் ஹவுஸ், கிளினிக், வண்டிகளை நிறுத்தத்தக்க மேட்டுநிலம் ஆகியவை முதலில் வரட்டும். பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடல் பெருக்கும் மழையும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடிய நேரமாகும் என்பது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் முதலில் ஏறுகிறது, எந்தப் பக்கம் கடைசியில் வடிகிறது என்று அவர்களிடம் கேட்டு வையுங்கள். அவர்களைக் கணினி முன் உட்கார வைக்க வேண்டாம். வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு மேசையில் விரித்துப் பேனாவைக் கையில் கொடுங்கள். அவர்கள் குறிக்கக் குறிக்க மாணவர்கள் பதியட்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குவதால், இந்த வேலையை ஆகஸ்டு, செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நலம்.

பெயர்களுக்கு ஒரு முறை உண்டு. பலகையில் எழுதியிருக்கும் பெயரே முதன்மைப் பெயர். தமிழ்ப் பெயருக்குத் தனிக் களமும், மக்கள் வழங்கும் வேறு பெயருக்கு இன்னொரு களமும் இருக்கின்றன; மூன்றையும் நிரப்பினால், அந்தப் பெயரில் தேடுகிறவருக்கும் இடம் கிடைக்கும். செம்பனைக்காட்டை 'காடு' என்று பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வழக்கில் அது பழத்தோட்டம் என்ற வகையில் வைக்கப்பட்டு, மரத்தின் பெயர் செம்பனை என்று தனியே குறிக்கப்படுகிறது. இயற்கைக் காடாகப் பதிந்தால் ஆய்வாளர்களின் கணக்கே தவறிவிடும்.

முடித்ததை யாரிடம் கொடுப்பது என்றால், முதலில் மாவட்ட அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் பொதுத் தற்காப்புப் படைக்கும் அச்சுப் பிரதியோடு நேரில் செல்லுங்கள். பேரிடர் நிர்வாகத்துக்கென 2015இல் தேசிய அளவில் நட்மா என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டிருந்தாலும், வெள்ளத்தன்று உங்கள் தோட்டத்துக்குப் படகு அனுப்புவது மாவட்ட அளவில் எடுக்கப்படும் முடிவுதான். ஆற்று நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. உங்கள் படம் அதற்கு மாற்றாகாது, பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. கோவில் மண்டபத்திலும் பாலாய் ராயாவிலும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிரதியை மாட்டி வையுங்கள். மின்சாரம் போன இரவில் அதுதான் கைகொடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதுப்பித்து, அச்சிட்ட தேதியை ஓரத்தில் எழுதுங்கள். பள்ளி மாணவர்களையும் சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரின் சம்மதத்தைப் பெற்று, கணக்குகளைப் பெரியவர்கள் பெயரில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கேள்வி: என்னிடம் மடிக்கணினி இல்லை, சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசிதான். நானும் உதவலாமா?
— படிவம் 5 மாணவர், தெலுக் இந்தான்

பதில்: உதவலாம், தம்பி. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகே வரைபடத்தில் விடுபட்டவற்றை அது கேள்விகளாகக் கேட்கும்: இந்தச் சாலை தார் போட்டதா, இந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பன போன்றவை. நேரில் பார்த்து விடை சொல்லுங்கள். தெரியாத கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கள். கணக்கைத் தொடங்கும்போது உங்கள் முழுப்பெயரையோ பள்ளியின் பெயரையோ பயனர் பெயராக வைக்க வேண்டாம்.